வாசகர் கேள்வி–பதில்: ஆதித் திருச்சபை எப்படிப் பரவியது?

ஆதித் திருச்சபையின் தொடக்கம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபையினர் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். வேதாகமப் பெயர்களைப் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடியே எழுதுகிறோம். கத்தோலிக்க வாசகர்கள் 'அப்போஸ்தலர் நடபடிகள்' (சுருக்கமாக 'நடபடிகள்'; ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் வேதாகம நூல்) என்று வரும் இடங்களில் 'திருத்தூதர் பணிகள்' என்று எடுத்துக்கொள்ளவும்.

கேள்வி (ஈசூன் வாசகி): இயேசு இறந்து முப்பது ஆண்டுக்குள் ரோம் நகரில் கிறிஸ்தவர்கள் இருந்தார்களாம். அச்சும் தபாலும் இல்லாத காலத்தில் இது எப்படி முடிந்தது? பவுல் ஒருவர்தான் காரணமா?

பதில்: இல்லை. ரோமில் சபையைத் தொடங்கியவரே பவுல் அல்ல. அவர் ரோமருக்குக் கடிதம் எழுதியது ஏறத்தாழ கி.பி. 57ஆம் ஆண்டில். அப்போது அவர் அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் அங்குள்ள இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். வேறு ஊர்களில் சந்தித்தவர்கள் பலர் அவருக்கு முன்பே ரோமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தனர்.

முதலில் ஆண்டுக்கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இயேசுவைச் சிலுவையில் அறைய உத்தரவிட்ட பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டது 26 முதல் 36 வரை. சிலுவைச் சம்பவத்துக்கு 30 அல்லது 33 என்ற இரண்டு ஆண்டுகளைத்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எருசலேமில் சபையைச் சேர்ந்த ஸ்தேவான் கல்லெறியப்பட்டு இறந்தபின் அங்கிருந்த விசுவாசிகள் சிதறி ஓடினார்கள். பெனிக்கே, சீப்புரு (சைப்ரஸ்), சிரியாவின் அந்தியோக்கியா என்று போனவர்கள் தங்களோடு செய்தியையும் கொண்டு போனார்கள். அந்தியோக்கியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவர்கள் சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாரும் என்று நடபடிகள் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களில் ஒருவர் பெயரையும் அது சொல்லவில்லை. சபை யூத வட்டத்தைத் தாண்டிய மிகப் பெரிய அடியை எடுத்து வைத்தவர்கள் பெயர் தெரியாத அகதிகள். பிரசங்கங்களில் இந்த வசனத்துக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு என்பது எங்கள் வருத்தம்.

அவர்களுக்குக் கைகொடுத்தவை மூன்று. முதலாவது ஜெப ஆலயங்கள். கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தின் பெரிய நகரங்கள் பலவற்றிலும் யூதர்கள் குடியேறியிருந்தார்கள். வெளியூர் யூதர் ஒருவர் ஓய்வுநாளில் உள்ளே போனால் பேசச் சொல்லி அழைப்பார்கள். அங்கேயே யூதராக மாறாமல் வேதத்தை மட்டும் மதித்துக் கேட்க வந்த கிரேக்கர்களும் இருப்பார்கள். முதல் செவிகள் பெரும்பாலும் அவர்களுடையவை. இரண்டாவது கிரேக்க மொழி. சிரியாவிலிருந்து ரோம் வரை சந்தையில் அது செல்லுபடியாகும். மூன்றாவது சாலையும் கப்பலும். கால்நடையாக ஒரு நாளைக்கு 25 முதல் 30 கி.மீ. போகலாம். எருசலேமிலிருந்து அந்தியோக்கியா சுமார் 500 கி.மீ.; மூன்று வாரப் பயணம்.

கடல் வேகமானது, ஆனால் பருவம் பார்க்க வேண்டும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் பாதுகாப்பான காலம். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் 'மூடப்பட்டது' என்றே ரோமர் எழுதி வைத்தார்கள். மேகம் மறைத்தால் சூரியனும் நட்சத்திரமும் தெரியாது, திசை தெரியாது. பவுல் ஏறிய கப்பலுக்கு நேர்ந்ததும் இதுதான். யூதரின் உபவாச நாள் கடந்தபின், அதாவது அக்டோபர் வாக்கில், 276 பேரோடு அது துணிந்து கிளம்பி மெலித்தா (மால்டா) தீவில் மோதி உடைந்தது. மூன்று மாதம் அங்கேயே தங்கியபிறகுதான் வேறு கப்பல் கிடைத்தது.

அரசாங்கத் தபால் அரசாங்கத்துக்கு மட்டுமே. மற்றவர்கள் அந்தப் பக்கம் போகும் ஆளைத் தேடிக் கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும். ரோமருக்கான கடிதத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. அதைக் கொண்டு போனவர் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி பெபேயாள் என்று கருதப்படுகிறது. கடிதம் வந்ததும் சபை கூடும்போது ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு நகல் எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். கொலோசெயரும் லவோதிக்கேயரும் கடிதங்களை மாற்றி வாசிக்கும்படி கொலோசெயர் 4:16 கட்டளையிடுகிறது.

இந்தக் காலவரிசை ஊகம் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு ஒரு கல்வெட்டு பதில் சொல்லும். கிரேக்க நாட்டு தெல்பியில் கிடைத்த கிலவுதியு பேரரசரின் கடிதத்தில் கல்லியோன் பெயர் வருகிறது. அவர் தென் கிரேக்க மாகாணமான அகாயாவின் அதிபதியாக இருந்தது 51–52 வாக்கில். பவுல் கொரிந்துவில் அவர் முன் நிறுத்தப்பட்டதாக நடபடிகள் 18 சொல்கிறது. பவுலின் மற்ற ஆண்டுகளை எல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக் வாசகர்): எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பன்னிரண்டு பேர் ஜெபத்துக்குக் கூடுகிறோம். ஆதிக் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் கூடினார்களா? தனிக் கட்டடம் எப்போது வந்தது?

பதில்: முதல் நூற்றாண்டில் ஏறக்குறைய இப்படித்தான். கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி கொரிந்துவிலும் எபேசுவிலும் ரோமிலும் தங்கள் வீட்டைத் திறந்து வைத்தார்கள். பிலிப்பியில் இரத்தாம்பரம் (கருஞ்சிவப்புத் துணி) விற்ற லீதியாள் வீடும் அப்படித்தான். பணக்காரர் வீடு மட்டுமல்ல, பட்டறையும் வாடகை மாடியும்கூடக் கூடும் இடமாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

வீட்டில் கூடுவதால் வந்த சிக்கலையும் சொல்ல வேண்டும். ஞாயிறு அன்று விடுமுறை கிடையாது. வசதி உள்ளவர் முன்னதாக வந்து சாப்பிட்டுவிடுவார். அடிமையும் கூலியாளும் வேலை முடித்து வரும்போது பாத்திரம் காலியாக இருக்கும். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று 1 கொரிந்தியர் 11இல் பவுல் கண்டிப்பது இதைத்தான். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள், பசி தாங்காதவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்கிறார். காலப்போக்கில் முழுச் சாப்பாடு தனியாகவும், அப்பமும் திராட்சரசமும் பகிர்வது தனியாகவும் பிரிந்தன. 155 வாக்கில் ரோமில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் ஞாயிறு ஒழுங்கை வரிசையாகத் தருகிறார். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்தோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும். தலைவர் விளக்குவார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பம், தண்ணீர் கலந்த திராட்சரசம், நன்றி ஜெபம், 'ஆமென்'. வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். கடைசியில் காணிக்கை.

வீடு எப்படிக் கோயிலாக மாறியது என்பதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது: சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலுள்ள துரா-யூரோப்பஸ். நடுவில் முற்றம், சுற்றி அறைகள் உள்ள சாதாரண வீடு. சுவர்ப் பூச்சில் கீறப்பட்ட தேதி 232–233க்குச் சமம். அதன்பின் சபையார் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். நீளம் சுமார் 13 மீட்டர், அகலம் 5 மீட்டர். கிழக்கு முனையில் தாழ்வான மேடை. எழுபது பேர் நெருங்கி உட்காரலாம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டின் மொத்தப் பரப்பு சுமார் 90 சதுர மீட்டர் என்பதால், அந்தக் கூடம் அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. மறுபக்கத்துச் சிறிய அறையில் ஞானஸ்நானத் தொட்டி, அதன் மேல் வளைவு. சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர், தண்ணீர் மொள்ளும் சமாரியப் பெண், கல்லறையை நோக்கிப் போகும் பெண்கள். வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுகளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

256 வாக்கில் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது நகரத்தார் மதிலைப் பலப்படுத்த ஓரத்து வீடுகளை மண்ணால் நிரப்பினார்கள். நகரம் விழுந்தது, மண்ணுக்குள் ஓவியம் தப்பியது. 1930களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்கள். அந்த ஓவியங்கள் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளன.

கேள்வி (செங்காங் வாசகி): அந்தக் காலத்தில் ஒருவர் சபையில் சேர என்ன செய்ய வேண்டும்? உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்களா?

பதில்: நடபடிகளில் அன்றைக்கே கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர், பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் நள்ளிரவில். ஆனால் சபை பெருகப் பெருக அவசரம் குறைந்தது.

'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற சிறு கையேடு இதற்கு நல்ல சாட்சி. டிடாக்கே என்பார்கள். 1873இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் 1056ஆம் ஆண்டின் கையெழுத்துப் படியாகக் கிடைத்தது. மூலநூல் முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்பது பரவலான கருத்து. மொத்தம் 16 சிறு அதிகாரங்கள். முதல் ஆறு ஒழுக்கப் பாடம், ஏழாவது ஞானஸ்நானம். ஓடும் தண்ணீரில் கொடு. அது இல்லையென்றால் வேறு தண்ணீரில். குளிர்ந்த தண்ணீரில் முடியாவிட்டால் வெதுவெதுப்பானதில். இரண்டும் இல்லாவிட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தலையில் மூன்று முறை ஊற்று. பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசம் இருக்க வேண்டும். கொடுப்பவரும் இருக்க வேண்டும். முழுக்கா தெளிப்பா என்று இன்று சபைகள் சண்டை போடுகின்றன. அந்தக் கையேடு முதலில் ஓடும் தண்ணீரை விரும்புகிறது, கிடைக்காத ஊருக்கும் வழி சொல்கிறது. இரு தரப்பும் சேர்ந்து படிக்க வேண்டிய பக்கம் இது.

அதில் ஏமாற்றுக்காரரைக் கண்டுபிடிக்கும் விதியும் உண்டு. ஊர் ஊராகப் போகும் ஊழியர் வந்தால் வரவேற்று ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்க விடு. மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. கிளம்பும்போது அடுத்த தங்குமிடம் வரை அப்பம் கொடு; பணம் கேட்டால் போலி. சாதாரணப் பயணி இரண்டு மூன்று நாள் தங்கலாம். அங்கேயே குடியிருக்க நினைத்தால் தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிட வேண்டும். இவ்வளவு கண்டிப்பு எதற்கு? யார் வந்தாலும் சோறும் படுக்கையும் தரும் வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. அதுதான் செய்தி பரவிய வழி. ஓசியில் காலம் தள்ளுபவர்களுக்கும் அதே வழி திறந்திருந்தது.

மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பலர் கருதும் ஒரு சபை ஒழுங்கு நூல், சேர விரும்புவோர் மூன்று ஆண்டு போதனை கேட்க வேண்டும் என்கிறது. அதோடு, காலத்தை அல்ல நடத்தையைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்றும் சேர்க்கிறது. தொழிலும் விசாரிக்கப்படும். விக்கிரகம் செய்பவரும் மல்லுக்களத்தில் கொல்லுபவரும் தொழிலை விட வேண்டும். பள்ளி ஆசிரியர் விடுவது நல்லது, ஏனென்றால் புராணக் கதைகளைத்தான் பாடமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் வேறு பிழைப்பு இல்லாவிட்டால் மன்னிக்கலாம். கடைசி விசாரணையில் கேட்கும் கேள்விகள்: விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா?

கேள்வி (தோ பாயோ வாசகர்): நான் இந்து. கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் கொடுத்துச் சேர்த்தார்கள் என்பது அந்தக் காலத்துக்கும் பொருந்துமா?

பதில்: தவறாக எடுக்க ஒன்றுமில்லை. முதல் மூன்று நூற்றாண்டில் சேருவதால் பொருள் லாபத்தைவிட ஆபத்துதான் அதிகம். ஆனால் உதவி இருந்தது, பெரிய அளவில் இருந்தது. ஜஸ்டின் சொல்லும் காணிக்கை தலைவரிடம் வைக்கப்பட்டு அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூர்க்காரர்களுக்குப் போகும். கொடுப்பது அவரவர் விருப்பம். 251 வாக்கில் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: மூப்பர்கள் 46, உதவிக்காரர்கள் 7, அவர்களுக்கு அடுத்த நிலையில் 7, துணை ஊழியர் 42, பேயோட்டுவோர், வாசகர், வாயில்காப்போர் சேர்ந்து 52, சபை சோறுபோடும் விதவைகளும் ஏழைகளும் 1,500க்கு மேல்.

இதைவிட எங்களைக் கவர்ந்தது ஒரு ஜப்திப் பட்டியல். 303 மே மாதம் வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் (இன்றைய அல்ஜீரியா) அதிகாரிகள் சபை வீட்டைச் சோதனை போட்டு எடுத்ததை எழுதி வைத்தார்கள். இரண்டு பொற்கிண்ணம், ஆறு வெள்ளிக் கிண்ணம், ஏழு வெள்ளி விளக்கு என்று தொடங்கி, பெண்களுக்கான அங்கி 82, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி என்று போகிறது. வழிபாட்டுக்கு 47 ஜோடிப் பெண்கள் காலணி தேவையில்லை. அது ஏழைகளுக்கான துணிக் கிடங்கு என்பதே இயல்பான விளக்கம். எண்ணிக்கையைப் பார்த்தால் உதவி பெற்றவர்களில் பெண்களே அதிகம்.

வெளியார் சாட்சியும் உண்டு. பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற ஜூலியன் பேரரசர், 362 வாக்கில் தம் பூசாரி ஒருவருக்கு எழுதும்போது, கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள், இது நமக்கு வெட்கம் என்று குமுறுகிறார். கிறிஸ்தவத்தை வெறுத்தவரின் வாயிலிருந்து வந்ததால் இதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி (பிடோக் வாசகர்): முந்நூறு ஆண்டும் கிறிஸ்தவர்கள் நிலவறைக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையா?

பதில்: இரண்டும் சரியில்லை. ரோமின் நிலவறைகள் அடக்கம் செய்யும் இடங்கள். நகருக்குள் பிணம் புதைக்கச் சட்டம் இடம் தராததால் மதிலுக்கு வெளியே, மென்மையான எரிமலைக் கல்லைக் குடைந்து அமைத்தார்கள். அவை எங்கே இருக்கின்றன என்று அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். நெருக்கமான சந்து, காற்றோட்டம் கிடையாது, இரு பக்கமும் பிணக்குழிகள். குடும்பம் குடும்பமாக வாழ முடியாது. நினைவுநாளில் போய் ஜெபித்து உணவு பகிர்ந்தார்கள், அவ்வளவே.

துன்புறுத்தலும் தொடர்ச்சியாக நடக்கவில்லை. 64இல் ரோம் எரிந்தபின் பேரரசர் நீரோ கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியது அந்த நகரத்தோடு நின்றது. 112 வாக்கில் கருங்கடலோர மாநிலத்தை ஆண்ட பிளினி, யாராவது பெயர் கொடுத்தால் விசாரித்தார். மூன்று முறை கேட்டும் கிறிஸ்தவர் என்பதை மறுக்காதவரைத் தண்டித்தார். ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அவரே எழுதுகிறார். தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதத்தை ஏற்க வேண்டாம் என்று திராயான் பேரரசர் பதில் அனுப்பினார். இதனால் ஒரு தலைமுறை நிம்மதியாக இருக்கும்; பிறகு பக்கத்து வீட்டுப் பகையால் ஒருவர் பிடிபடுவார்.

பேரரசு முழுவதும் அடித்த முதல் அலை டேசியு பேரரசர் காலத்தில், 250இல். எல்லாரும் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. 'நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன். இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததைச் சுவைத்தேன். சான்று தர வேண்டுகிறேன்' என்ற பொருளில் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், சிலர் இறந்தார்கள். அலை ஓய்ந்ததும் விழுந்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்ற கேள்வி கார்த்தேஜையும் ரோமையும் இரண்டாகப் பிளந்தது. பலியிட்டவருக்கு நீண்ட மனந்திரும்புதல், சான்றிதழ் மட்டும் வாங்கியவருக்குச் சற்றுக் குறைவு என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் கூட்டிய சங்கம் தரம் பிரித்தது. கடைசிப் பெரிய அலை 303இல் டயோக்ளேசியன் காலத்தில் வந்தது. 311இல் கலேரியு ஆணையோடு தளர்ந்து, 313இல் மிலான் உடன்பாட்டின்படி பறித்த சொத்துகளும் திருப்பித் தரப்பட்டன.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி): இயேசுவின் சீடர் தோமா 52இல் கேரளக் கடற்கரையிலிருந்த முசிறிக்கு வந்து மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதை வரலாறு என்று சொல்லலாமா?

பதில்: 'பாரம்பரியம்' என்று சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. எது உறுதி, எது நம்பிக்கை என்று பிரித்துச் சொன்னால் பிள்ளை வளர்ந்து கேள்வி கேட்கும்போது அடித்தளம் ஆடாது.

உறுதியானது: பயணம் முழுக்க முழுக்கச் சாத்தியம். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து கோடையில் கிளம்பும் கப்பல், செங்கடல் வாயிலிலுள்ள ஒக்கேலிஸிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து 40 நாளில் முசிறியை அடையும் என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி (மேலே சொன்ன ஆளுநர் அல்ல) எழுதியிருக்கிறார். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூறும் பாடுகிறது. இயேசு வாழ்ந்த காலத்துப் பேரரசரான திபேரியுவின் நாணயங்கள் கோவை வட்டாரத்தில் கிடைத்துள்ளன. எகிப்துப் பக்கத்தில், செங்கடலோரக் குசேர் அல்-கதீமில், கண்ணன், சாதன் என்ற பெயர்கள் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் பானை ஓடுகளில் உள்ளன. நம் ஆட்களும் அங்கே போயிருக்கிறார்கள்.

அடுத்தது எழுத்துச் சான்று. தோமாவின் பணியைச் சொல்லும் பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டில் எதேசா (இன்றைய துருக்கியின் உர்ஃபா) வட்டாரத்தில் சிரிய மொழியில் உருவானது. அதில் வரும் கொண்டபரஸ் மன்னர் கற்பனை அல்ல. நாணயமும் கல்வெட்டும் உண்டு. ஆனால் அவர் ஆண்டது இந்தியாவின் வடமேற்கில். முசிறி, மயிலாப்பூர் வரலாறு கேரள, தமிழக வழக்கிலிருந்து வருவது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகத் துறவி மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதியதிலிருந்து சான்று கெட்டியாகிறது. சென்னை பரங்கிமலையில் பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துள்ள கற்சிலுவை, கொல்லத்துச் சபைக்கு வேணாட்டு அரசர் தந்த 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிக் கையெழுத்துகள் பஹ்லவி, அரபு, எபிரேய எழுத்துகளில். துறைமுகம் எத்தனை சமயத்தாரைச் சேர்த்து வைத்திருந்தது என்பது அந்த ஒரு தகட்டில் தெரிகிறது. சிங்கப்பூரில் உள்ள மார்த்தோமா, சிரிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்த மரபின் கிளைகளே.

கேள்வி (லிட்டில் இந்தியா வாசகர்): ஹில் ஸ்திரீட் ஆர்மீனியத் தேவாலயம் யார் பெயரில் இருக்கிறது?

பதில்: ஒளியேற்றிய கிரகோரியார். ரோமில் கிறிஸ்தவம் அரச சமயம் ஆனது 380இல். ஆர்மீனிய மன்னர் திரிதாத் அதற்கு இரண்டு தலைமுறைக்கு மேல் முன்பே கிரகோரியார் மூலம் ஏற்றுக்கொண்டார். மரபு சொல்லும் ஆண்டு 301. 314 என்பவர்களும் பலர். 1835இல் கட்டப்பட்ட அந்த ஆலயம் சிங்கப்பூரின் மிகப் பழைய கிறிஸ்தவ ஆலயம். ஆதிச் சபை மேற்கே மட்டும் போனது என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு முறை போய் வரலாம். எத்தியோப்பியாவின் அக்சூம் மன்னர் ஏசானாவும் நான்காம் நூற்றாண்டில் தம் நாணயத்திலிருந்த பிறையை எடுத்துவிட்டுச் சிலுவையைப் பொறித்தார். 635இல் சிரியத் திருச்சபையின் ஊழியர் ஒருவர் சீனத் தலைநகரை அடைந்ததை 781ஆம் ஆண்டின் சீஆன் கல்வெட்டு சொல்கிறது.

கேள்வி (ஜூரோங் வாசகர்): நைசியா சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தாரா?

பதில்: இல்லை. 325இல் அங்கே கூடிய ஆயர்கள் பேசியது குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனை, ஈஸ்டர் நாள், எகிப்துச் சபைப் பிளவு, ஊழியர் ஒழுங்கு. வெளிவந்த 20 விதிகளில் புத்தகப் பட்டியல் கிடையாது. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே சொல்லும் பழைய பட்டியல் 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய ஈஸ்டர் கடிதத்தில் வருகிறது. கான்ஸ்டன்டைன் தம் புதிய தலைநகரின் ஆலயங்களுக்கு 50 வேதப் பிரதிகள் செய்யச் சொன்னது உண்மை. குழப்பம் ஓரளவு அதிலிருந்து கிளம்பியிருக்கலாம்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு எட்டுச் சனிக்கிழமை, ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கப் போகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: நடபடிகளில் தொடங்க வேண்டாம். 28 அதிகாரம், மூன்றாவது வாரத்திலேயே ஆள் குறையும். 1 தெசலோனிக்கேயரில் தொடங்குங்கள். ஏறத்தாழ 50–51இல் எழுதியது, புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழையது என்று பெரும்பாலோர் ஏற்பது. ஐந்தே அதிகாரம். முதல் நாள் ஒருவர் எழுந்து நின்று முழுவதையும் வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கட்டும். கால் மணி நேரத்துக்குள் முடியும். இரண்டாம் வாரம் நடபடிகள் 16–18ஐ வரைபடத்தோடு படியுங்கள். பிலிப்பியிலிருந்து தெசலோனிக்கே சுமார் 150 கி.மீ.; எத்தனை நாள் நடை என்று அவர்களே கணக்குப் போடட்டும். மூன்றாம் வாரம் 1 கொரிந்தியர் 11இன் பின்பாதி. நான்காம் வாரம் ரோமர் 16உம், அடிமை ஒருவருக்காகப் பவுல் எழுதிய பிலேமோன் கடிதமும். இரண்டும் சேர்த்தே சிறியவை, அடிமை முறை பற்றிப் பிள்ளைகள் கடுமையாகக் கேட்பார்கள், நேரம் விட்டு வையுங்கள்.

ஐந்தாம் வாரம் கலாத்தியர் 1–2ஐ நடபடிகள் 9, 15 அதிகாரங்களோடு ஒப்பிடுங்கள். பவுல் மூன்று ஆண்டு கழித்து எருசலேம் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினார். 14 ஆண்டு கழித்து மறுபடி போனார். இரண்டாம் பயணத்தை 49இல் நடந்த எருசலேம் கூட்டத்தோடு பொருத்தினால், 3ஐயும் 14ஐயும் கூட்டுபவருக்கு அவர் மனம் மாறிய ஆண்டு 32 என்று வரும். இரண்டையும் மனம் மாறிய நாளிலிருந்தே எண்ணுபவருக்கு 35 வரும். போதாததற்கு, அந்தக் காலத்தில் அரைகுறை ஆண்டையும் முழு ஆண்டாக எண்ணுவார்கள். ஒரே விடை வராதபோது பிள்ளைகள் திகைப்பார்கள். எந்தச் சான்றிலிருந்து எந்த விடை வந்தது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

ஆறாம் வாரம் டிடாக்கே 7 முதல் 15 வரை. ஏழாம் வாரம் பிளினியின் கடிதமும் திராயானின் பதிலும். பிளினியின் கடிதத் தொகுப்பில், பத்தாம் தொகுதியின் 96, 97ஆம் கடிதங்கள் இவை. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஆளுநராகவும் மறு பக்கம் சபையாராகவும் பேசவிடலாம், ஆனால் ஆளுநர் பக்கத்துக்கு நன்றாகப் பேசும் பிள்ளைகளைப் போடுங்கள். இல்லாவிட்டால் விவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டாம் வாரம் ஜஸ்டினின் முதல் விண்ணப்பம் 65–67. உங்கள் சபையின் ஞாயிறு வழிபாட்டு வரிசையைப் பக்கத்தில் வைத்து, எது அப்போதே இருந்தது, எது பிறகு வந்தது என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். டிடாக்கே, பிளினி, ஜஸ்டின் மூன்றுக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசம். நடை பழசு என்பதால் தேவையான பகுதியை முன்கூட்டியே நீங்கள் தமிழில் எளிமையாக எழுதி, ஆளுக்கு ஒரு தாளாக நகல் எடுத்துக் கொண்டு போங்கள்.